ஐந்தில் நின்ற முடிவிலி

சாம்பசிவத்துக்கு முடிவிலி என்றால் ஐந்து. ஊர் உலகத்துக்கு அது எண்ணி மாளாத தூரமாக இருந்துவிட்டுப் போகட்டும், அவர் எழுதிய பதினொரு ஆய்வுக் கட்டுரைகளில் அது ஐந்தோடு சரி. ஐந்துக்கு மேல் கொடுத்தால் அவருடைய புரோகிராம் கண்டபடி உளறியது. ஐந்து கொடுத்தால் சமர்த்தாக விடை சொன்னது. அப்புறம் என்ன, ஐந்துதான்.

இது என்ன கூத்து என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரியாவிட்டால் அந்த மனுஷன் பட்ட வெட்கம் யாருக்கும் புரியாது. சூடான தகடு ஒன்று, அதன் மேல் ஓடும் திரவம் ஒன்று. திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்களைக் கலந்தால் அது சூட்டை இன்னும் நன்றாக வாங்கிக்கொண்டு போகும். நானோ திரவம் என்று அதற்குப் பெயர். ஆனால் துகள்கள் அடியில் தங்கிவிடும். தங்காமல் இருக்க, நீந்துகிற நுண்ணுயிரிகளை அதில் விட்டால் என்ன என்று யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியது. அவை மேல் நோக்கி நீந்தும். மேலே கூட்டம் சேர்ந்து கனம் கூடியதும் சரிந்து கீழே வரும். இப்படி ஏறி இறங்கித் திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும். இத்தனையையும் சமன்பாடுகளாக எழுதி, தகட்டிலிருந்து எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று கணக்குப் போடுவதுதான் பேராசிரியர் சாம்பசிவத்தின் பிழைப்பு.

தகட்டை ஒட்டிச் சூடு அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும், முடிவிலித் தூரத்தில் பூஜ்யம். கம்ப்யூட்டருக்கு முடிவிலி தெரியாது என்பதால் அதன் இடத்தில் போதுமான அளவுக்குப் பெரிய எண் ஒன்றைக் கொடுக்க வேண்டும். எண் போதுமென்றால், சூட்டைக் காட்டும் கோடு மெல்ல இறங்கி வந்து தரையோடு தரையாகப் படுத்துவிடும். போதாதென்றால் சரிவாக வந்து தரையில் குத்தி நிற்கும். பாதியில் வெட்டிய கணக்கு என்று விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

சாம்பசிவத்தின் கோடுகள் எல்லாமே குத்தித்தான் நின்றன.

அவர் தெலுங்குச் சீமையில், மௌலா அலியில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவுக்கு அங்கே மத்திய அரசு ஆலையில் வேலை, ஸ்டாஃப் காலனியில் வீடு. வீட்டில் கும்பகோணத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் தக்கனி உருதுவும். நல்ல பையன், நல்ல மாணவன், பின்னால் நல்ல வாத்தியார். 2010-இல் பேராசிரியர் பதவிக்கு ஒரு சர்வதேசக் கட்டுரை குறைந்தது. நுண்ணுயிரிகளை விட்டால் சூடு கடத்துவது இருபது சதவிகிதம் கூடுகிறது என்று எழுதி அனுப்பினார். அச்சாகிவிட்டது, பதவியும் வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் நாற்பத்திரண்டு பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். அவர்களில் ஒருவராவது கோட்டைப் பார்த்தாரா? எங்கே? அவர்களும் ஐந்து போட்டு அதே கோட்டை வரைந்தார்கள்.

பார்த்தவள் ஸ்டெல்லாதான்.

ஸ்டெல்லா அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தவள். பாளையங்கோட்டைக்காரி. புருஷன் பிரசன்னாவின் சாஃப்ட்வேர் வேலைக்காகக் கொண்டாப்பூருக்கு வந்தவள், ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பகலெல்லாம் வகுப்பு, சாயங்காலம் இரண்டு பஸ் மாறி சாம்பசிவத்தின் அறை. 2011 ஆகஸ்டில் ஒரு நாள் நீல நிறக் கோப்பு ஒன்றோடு வந்து, உட்காராமலே படங்களை மேசை மேல் பரப்பினாள். ஐந்துக்குப் பதில் பன்னிரண்டு கொடுத்தால் புரோகிராம் உளறுகிறது, ஆனால் ஆரம்ப மதிப்புகளைக் கொஞ்சம் மாற்றினால் ஒழுங்காக ஓடுகிறது என்றாள். கோடுகள் அழகாகப் படுத்திருந்தன. ஆனால் ஒரு சங்கடம். சாரின் கட்டுரையில் இருபது சதவிகிதம் என்று இருப்பது, இப்படிப் போட்டால் மூன்றுதான் வருகிறது. தான் எங்கே தப்பு செய்கிறோம் என்று சார்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

சாம்பசிவம் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் செய்திருந்தது அத்தனையும் சரி, அவர் பேராசிரியர் ஆனது அத்தனையும் தப்பு. அதை ஒப்புக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை அவர் என்ன செய்தார் தெரியுமா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"நக்கோம்மா, இதெல்லாம் வேணாம், நக்கோ. உயிரிங்க இருக்கறப்போ அந்தச் சூட்டு அடுக்கு சின்னதாத்தான் இருக்கும். அஞ்சு போதும், நான் செக் பண்ணினது."

செக் பண்ணியிருந்தால்தானே. ஆனால் அவள் நம்பினாள். ஆய்வேடு என்றால், முன்பு அச்சான கட்டுரை ஒன்றின் எண்களோடு தன் எண்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட வேண்டும். இரண்டும் அருமையாகப் பொருந்துகின்றன என்று அதன் கீழே ஒரு வரியும் எழுத வேண்டும். அது இல்லாத ஆய்வேட்டை ஒருவரும் சீந்தமாட்டார்கள். அவள் ஒப்பிட வேண்டியது அவருடைய கட்டுரையோடு. அதனால் அவளும் ஐந்தே போட்டாள், அருமையாகப் பொருந்தியது. நீலக் கோப்பைத் தூரப் போடச் சொன்னார். சரி சார் என்றாள்.

வைவா, அதாவது அந்த வாய்மொழித் தேர்வு, பந்த் காரணமாக இரண்டு முறை தள்ளிப்போய் 2013 ஜனவரியில் வந்து நின்றது. ஸ்டெல்லாவுக்கு அது தலை போகிற விஷயம். அவளுடைய கல்லூரியில் புது நிர்வாகம், புதுச் சட்டம். மே மாதத்துக்குள் பிஎச்.டி. இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஏற்கெனவே இரண்டு தவணை கேட்டு வாங்கியிருந்தாள், மூன்றாவது கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். பிரசன்னாவை அவன் கம்பெனி ஆறு மாதமாக வேலையும் சம்பளமும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தது. வீடு அவள் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் சாம்பசிவத்துக்கும் தெரியும்.

வெளித் தேர்வாளர் நாராயணஸ்வாமி சென்னை ரயிலில் வந்தார். வழக்கப்படி ஆய்வை வழிநடத்தும் கைடு போய்த்தான் அழைத்து வர வேண்டும், சாம்பசிவம் போனார். அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர், கையில் துணிப்பை, அதில் ஸ்டெல்லாவின் ஆய்வேடு. காரில் ஏறி உட்கார்ந்ததும், பொண்ணு நன்னா எழுதியிருக்கா, நாலாம் அத்தியாயத்துப் படங்களைப் பத்தி மட்டும் ஒண்ணு கேக்கணும் என்றார். சாம்பசிவம் வண்டியைக் கிளப்பினார். என்ன கேட்கப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். கெஸ்ட் ஹவுஸில் அவரை இறக்கிவிட்டு வந்தபின் வைவாவுக்கு முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. ஸ்டெல்லா அரங்கில் ப்ரொஜெக்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை வந்து, சார் எல்லாம் சரியா இருக்குல்லா என்று கேட்டாள். ஹவ் ஹவ், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

வைவா நன்றாகத்தான் ஆரம்பித்தது. முன்வரிசையில் துறைக்காரர்கள், பின்னால் மற்ற ஆய்வு மாணவர்கள், எல்லார் கையிலும் டீ. முதல் கேள்வியாக நாராயணஸ்வாமி, இந்த நுண்ணுயிரியை நீ எப்போதாவது கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று இங்கிலீஷில் கேட்டார். கணக்குக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் கேள்வி. ஸ்டெல்லா மாட்டவில்லை. விலங்கியல் துறையில் கேட்டுக்கொண்டு, குளத்துத் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்து மூன்று நாள் பார்த்ததாகச் சொன்னாள். பச்சையாக, சிறிதாக, கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே மேலே போகும் என்று விரலால் காட்டினாள். சபையில் சிரிப்பு. சாம்பசிவமும் சிரித்தார். பதினொரு கட்டுரைகளில் அந்த ஜீவன்களை நீந்தவிட்டவர் ஒரு நாளும் ஒன்றையும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு நாராயணஸ்வாமி ஆய்வேட்டில் அடையாளம் வைத்த பக்கத்தைப் பிரித்தார். அவரையும் அறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, சூடு முடிவிலியில போய்ச் சேரணும். உன் கோடெல்லாம் ஏன் இப்படி நடு வழியில வந்து முட்டிண்டு நிக்கறது?"

ஸ்டெல்லா திரையைப் பார்த்தாள். ஒரு கணம் திரும்பி சாம்பசிவத்தைப் பார்த்தாள். அவர் எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த மூடி அவ்வளவு முக்கியமாகப் போய்விட்டது. அவள் திரும்பிக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அந்த எண்ணை நான்தான் சார் எடுத்தேன். பெருசா எடுத்திருக்கணும். தப்பு என்னோடது."

நாராயணஸ்வாமி சாம்பசிவத்தின் பக்கம் திரும்பி, கைடு என்ன சொல்கிறார் என்றார். கவனிக்காம விட்டுப்போச்சு சார் என்றார் சாம்பசிவம். யார் கவனிக்காமல், யார் விட்டு? அதை அவரும் சொல்லவில்லை, தேர்வாளரும் கேட்கவில்லை. இந்த அத்தியாயத்தை நம்பித்தான் முழு ஆய்வேடும் நிற்கிறது, இப்படியே பட்டத்துக்குப் பரிந்துரை செய்ய மனசு வரவில்லை, ஒரு வருஷத்துக்குள் திருத்தி மறுபடி கொண்டு வரட்டும் என்று நாராயணஸ்வாமி இங்கிலீஷில் சொன்னார். ஒரு வருஷம். மே மாதத்துக்கு நாலு மாதம்தான் இருந்தது. ஸ்டெல்லா தேங்க் யூ சார் என்று சொல்லி ப்ரொஜெக்டரை அணைத்தாள்.

அதோடு போயிற்றா? வைவா முடிந்ததும் ஆய்வு மாணவர் சாப்பாடு போடுவது அங்கே வழக்கம். பட்டம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் நாலு நாள் முன்னாலேயே ஏற்பாடு செய்துவிடுவார்கள். அன்றைய நிலையில் அந்தச் சாப்பாட்டைப் போல ஒரு தண்டனை கிடையாது. பிரசன்னா கொண்டாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினான். தேர்வாளர் சைவம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, நல்ல மெஸ் ஒன்றில் சொல்லிவைத்து வாங்கி வந்த சாப்பாட்டு அடுக்குகள், இனிப்புப் பெட்டி, கூடவே இரண்டு பொன்னாடைகள். ஒன்று தேர்வாளருக்கு, ஒன்று கைடுக்கு. உள்ளே நடந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? நேராக சாம்பசிவத்திடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நாலு வருஷமா நீங்க இல்லேன்னா இவளால முடிஞ்சிருக்காது சார். இனிமே டாக்டர் ஸ்டெல்லாதானே?"

சாம்பசிவம் ஏதோ முனகினார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. ஸ்டெல்லா அவனைத் தனியே கூட்டிப் போய் இரண்டு வார்த்தை சொன்னாள். அவன் முகம் மாறுவதை அவர் தூரத்திலிருந்து பார்த்தார். ஆனாலும் இரண்டு பேரும் வந்து இலை போட்டார்கள். தண்ணீர் வைத்தார்கள். யாரிடமும் ஒரு சுணக்கமும் காட்டாமல் அவள் வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். அவரிடம் வந்ததும், சார் ஒண்ணுமே சாப்பிடலியே, இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா என்று கேட்டாள். அந்தக் குரலில் ஒரு துளி குத்தல் இருந்திருந்தால் கூட அவர் பிழைத்திருப்பார், இல்லை. தன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. பாதி இலையில் எழுந்துவிட்டார்.

அதற்குள் அலுவலகத்தில் தேர்வறிக்கையைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். நாராயணஸ்வாமி கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். அடுத்தது கைடு. சாம்பசிவம் பேனாவைத் திறந்தார். ஆய்வாளர் தன் சொந்தக் கவனக்குறைவால் எல்லைத் தூரத்தைத் தவறாக எடுத்துக்கொண்டுள்ளார் என்று மூன்றாவது வரியில் இருந்தது. சொந்தக் கவனக்குறைவு. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. ஒன்றரை வருஷம் முன்னால் இதே கையால் இதே மாதிரி துடைத்தது ஞாபகம் வந்தது. சீ என்று இருந்தது. தன்னை நினைத்து அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு அதற்கு முன் வந்ததே இல்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே இங்கிலீஷில் எழுதத் தொடங்கினார். ஐந்து என்ற எண் என்னுடையது. 2011 ஆகஸ்டில் ஆய்வாளர் சரியான கணக்கைச் செய்து என்னிடம் காட்டினார். அது சரி என்று அறிந்தே, என் கட்டுரையோடு பொருந்த வேண்டும் என்பதற்காக அதை நீக்கச் சொன்னேன். சாம்பசிவம். தேதி.

நாராயணஸ்வாமி அதை இரண்டு தரம் படித்தார். திட்டவில்லை, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அந்தக் கணக்கு இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். தூரப் போடச் சொன்ன நீலக் கோப்பு அவள் கைப்பையிலேயே இருந்தது. தப்பை எங்கே செய்தோம் என்று என்றைக்காவது கண்டுபிடிக்க வேண்டுமே என்று பத்திரமாக வைத்திருந்தாளாம். கிழவர் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பென்சிலால் ஒவ்வோர் அட்டவணையாக டிக் அடித்துக்கொண்டு போனார். கடைசியில் அறிக்கையை வேறாக எழுதச் சொன்னார். நாலாம் அத்தியாயத்தில் இந்த எண்களைச் சேர்த்து இரண்டு மாதத்தில் கொடுக்கட்டும், பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன், மறுபடி வைவா தேவையில்லை. கைடு எழுதிய குறிப்பு அப்படியே இணைப்பாகப் போகட்டும்.

அப்புறம்தான் சாம்பசிவத்தின் பக்கம் திரும்பினார்.

"உம்ம கட்டுரை தப்புன்னு பத்திரிகைக்கு நீர் எழுதறீரா, நான் எழுதட்டுமா?"

நானே எழுதுகிறேன் என்றார் சாம்பசிவம். நாற்பத்திரண்டு மேற்கோள், பேராசிரியர் பதவி, பெயர்ப்பலகை, எல்லாம் அந்த ஒரு பதிலில் ஆட்டம் கண்டன. ஆனால் மனசுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் லேசாகவும் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், கடைசி நேரத்திலாவது செய்துவிட்டோம் என்று தன்னைத் தானே கொஞ்சம் தட்டிக்கொடுத்தும் கொண்டார். ஆசை யாரை விட்டது?

அறிக்கையின் ஒரு பிரதியை ஆய்வாளர் படித்துக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டெல்லா நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தைப் படித்தபோது பிரசன்னாவின் கையை இறுகப் பிடித்தாள், கண் கலங்கியது. இணைப்புக்கு வந்தாள். அங்கே வெகு நேரம் நின்றாள். நாலு வரிதான், அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, நாராயணஸ்வாமிக்குப் பொன்னாடை போர்த்தினாள். அவர் அவளை வாழ்த்திவிட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், பிரசன்னா வண்டிவரை கூடப் போனான்.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். ஸ்டெல்லா இரண்டாவது பொன்னாடைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லப்போகிறாள் என்று சாம்பசிவம் எதிர்பார்த்தார். நன்றி சொல்வாள் என்று கூட ஒரு மூலையில் எதிர்பார்த்தார், அதையும் மறைப்பானேன்.

"அன்னைக்கே தெரியும்லா சார் ஒங்களுக்கு?"

"தெரியும்மா."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். ஏதோ கணக்கு ஒன்று கடைசியில் சரியாக வந்துவிட்டது என்பது போல.

"தெரியாமச் செஞ்சிட்டியன்னு நெனச்சுதான் சார் பழிய நான் ஏத்துக்கிட்டேன். ஒன்றரை வருஷமா, நமக்குத்தான் கணக்கு வரலன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

பெட்டியை மேசை மேல், அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். போர்த்தவில்லை. நீலக் கோப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாறேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்திரிகைக்குக் கடிதம் மறு நாளே போய்விட்டது. ஏப்ரலில் ஸ்டெல்லாவுக்குப் பட்டம் வந்தது, வேலையும் நிலைத்தது என்று வேறு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரியும். பொன்னாடைப் பெட்டி இன்னும் அந்த மேசை மேல்தான் இருக்கிறது. அறையைத் துடைக்க வரும் அம்மாள் தினமும் அதைத் தூக்கித் தூசி தட்டி அதே இடத்தில் வைக்கிறாள். பிரித்துப் பார்க்க அவருக்குக் கை வரவில்லை.